அட்லாண்டிக் வணிகர்கள் – 9: ஹென்றி லாரன்ஸ் சேர்த்த ஒரு வரி

ஹென்றி லாரன்ஸைப் பற்றி எழுதும் பலர் அவரை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடுகிறார்கள். அடிமைகளை விற்றுச் சொத்து சேர்த்த சார்ல்ஸ்டன் வியாபாரி ஒருவர். காண்டினென்டல் காங்கிரஸின் தலைவராக இருந்து, லண்டன் கோபுரச் சிறையையும் பார்த்துவிட்டு வந்த தேசபக்தர் இன்னொருவர். முன்னவருக்குக் கண்டனம், பின்னவருக்கு மாலை, இடையில் 'முரண்பாடு' என்ற ஒரு சொல், அதோடு கட்டுரை முடிந்தது. எனக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. அவருடைய அரசியல் அவருடைய கணக்குப் பேரேட்டிலிருந்து புறப்பட்டது.

பேரேட்டையே முதலில் பார்ப்போம். 1724இல் சேணம் செய்து விற்றவரின் மகனாகப் பிறந்தவர், லண்டனில் தொழில் பழகித் திரும்பி, ஜார்ஜ் ஆஸ்டினுடன் கூட்டுச் சேர்ந்தார். கரோலினாவிலிருந்து அரிசியும் அவுரியும் வெளியே போயின. உள்ளே வந்த சரக்குகளில் ஆப்பிரிக்க மனிதர்களும் அடக்கம். சியரா லியோன் ஆற்றில் பன்ஸ் தீவுக் கோட்டையை நடத்திய லண்டன் முதலாளிகளில் முக்கியமானவர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட். அவர் அனுப்பும் ஆட்களை விற்று, கடன் வசூலித்து, பணத்தை லண்டனுக்குச் சேர்ப்பது லாரன்ஸ் கூட்டின் வேலை. கூலி, விற்ற தொகையில் சுமார் 10 சதவீதத் தரகு. 1750களில் மட்டும் இப்படி விற்கப்பட்டவர்கள் 8,000 பேருக்கு மேல். அந்தத் தரகுப் பணமே பிறகு மெப்கின் போன்ற நெல் பண்ணைகளாக மாறியது.

இந்த மனிதர் புரட்சிக்காரராகப் பிறக்கவில்லை. 1765இல் முத்திரைச் சட்டத்தை எதிர்த்த கூட்டம், முத்திரைத் தாள்களைத் தேடி அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்தது. தெருக் கலவரங்களை அவர் வெறுத்தது ஊரறிந்த விஷயம். அவரை மாற்றியது சுங்க இலாகா. 1767இல், ஜார்ஜியாவில் இருந்த லாரன்ஸின் பண்ணைகளுக்குச் சாமான் கொண்டுபோன இரண்டு சிறு கப்பல்களை, பத்திரங்கள் சரியில்லை என்று அதிகாரி டேனியல் மூர் பிடித்துவைத்தார். நிதானத்துக்குப் பேர்போன லாரன்ஸ் பொது இடத்தில் மூரின் மூக்கைப் பிடித்துத் திருகினார். அடுத்த ஆண்டு 'ஆன்' என்ற கப்பலும் பிடிபட்டது. விசாரித்த கடல்வழக்கு நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது. நீதிபதி எகெர்டன் லீ அதே சமயம் அரசு வழக்கறிஞராகவும் இருந்தார். அவர் லாரன்ஸின் சகோதரி மகளை மணந்தவர் என்பது கூடுதல் கசப்பு. ஒருவன் சொத்தை எந்த அதிகாரியும் தன் இஷ்டத்துக்குப் பறிக்கக் கூடாது: லாரன்ஸ் அச்சிட்டு வெளியிட்ட பிரசுரங்களின் சாரம் இதுதான். சுதந்திரம் என்று அவர் அறிந்ததும் இதுவே.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும், இரண்டும் லேசானவை அல்ல. 1776 ஆகஸ்டில் மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில், அடிமை முறையை வெறுப்பதாகவே லாரன்ஸ் சொல்கிறார். ஆட்கடத்தல் வியாபாரத்திலிருந்து அவர் விலகி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த வெறுப்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே கடிதத்தில், தன் அடிமைகளைப் பொது ஏலத்தில் விட்டால் 20,000 பவுண்டு தேறும் என்ற மதிப்பும் இருக்கிறது. பிற்பாடு அவர் விடுதலை செய்தவர்கள் சிலர், வைத்திருந்தவர்கள் நூற்றுக்கணக்கில். இன்னொரு மறுப்பு, 3,000 கறுப்பினத்தவரைப் படையில் சேர்த்து விடுவிக்கும் ஜானின் திட்டத்தைத் தந்தை ஆதரித்தது. 1779இல் காங்கிரஸ் அதைப் பரிந்துரைத்தது உண்மை. அந்தப் பரிந்துரையிலும் உரிமையாளருக்கு ஆளுக்கு 1,000 டாலர் வரை நஷ்டஈடு என்று எழுதியிருந்தது. அதையும் சவுத் கரோலினா சட்டமன்றம் ஏற்கவில்லை.

புரட்சிப் போரின் நடுவே, 1780இல் காங்கிரஸுக்காக ஹாலந்துக்குக் கடன் கேட்கப் போன வழியில் லாரன்ஸ் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டுக் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். 1781 கடைசியில் அவரைப் பிணையில் எடுத்தவர் பழைய கூட்டாளி ஆஸ்வால்ட். அடுத்த ஆண்டு பாரிஸ் சமாதானப் பேச்சில் பிரிட்டன் தரப்பில் உட்கார்ந்திருந்தவரும் அதே ஆஸ்வால்ட்தான். அமெரிக்கத் தரப்பில் ஃபிராங்க்ளினும் ஆடம்ஸும் ஜான் ஜேயும் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்த வேளையில் வந்துசேர்ந்த லாரன்ஸ், ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பின்வாங்கும் பிரிட்டிஷ் படை, நீக்ரோக்களையோ அமெரிக்கர்களின் வேறு சொத்துகளையோ கொண்டுபோகக் கூடாது. ஆஸ்வால்ட் தகராறு இல்லாமல் ஒப்புக்கொண்டார். இரண்டு பழைய வியாபாரிகளுக்கு அதில் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. நவம்பர் 30 அன்று கையெழுத்தானது. சுங்க அதிகாரியிடமிருந்து கப்பலைக் காக்க 1767இல் எழுந்த அதே வாதம் இங்கே மனிதர்களைப் பூட்டிவைக்கப் பயன்பட்டது; வாதம் ஒரு அங்குலமும் மாறவில்லை.

அந்த வரி நினைத்தபடி பலிக்கவில்லை. நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டன், விடுதலை வாக்குறுதியை நம்பித் தங்கள் பக்கம் வந்த அடிமைகளைத் திருப்பித்தர முடியாது என்று வாஷிங்டனிடமே சொல்லி, சுமார் 3,000 பேரின் விவரங்களைப் பதிவேட்டில் எழுதிவைத்துக் கப்பலேற்றினார். வேண்டுமானால் பிறகு நஷ்டஈடு கணக்கிடலாம் என்பது அவர் பதில். 1794இல் பிரிட்டனோடு புது உடன்படிக்கை செய்த ஜான் ஜே அந்த நஷ்டஈட்டைப் பெறாமலேயே திரும்பினார். தென் மாநிலப் பண்ணையாளர்கள் அவர்மேல் கொண்ட ஆத்திரத்துக்கு அதுவும் ஒரு காரணம். லாரன்ஸ் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார்.