ஃபோர்டு மாடல் ஏ எஞ்சினின் கனெக்டிங் ராடு போல்ட்டுகள்

பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் தண்டு கனெக்டிங் ராடு எனப்படும். அதன் பெரிய முனையின் கீழ்ப்பாதி தனியே கழலும் மூடி. இரண்டு போல்ட்டுகள் அதைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கின்றன. 1927 இறுதியில் வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இத்தகைய போல்ட்டுகள் எட்டு.

எரிபொருள் எரியும்போதுதான் இவை அதிகச் சுமை தாங்கும் என்று தோன்றலாம். ஆனால் அப்போதைய அழுத்தம் தண்டைக் கிராங்க் ஷாஃப்டின் மேல் அமுக்குகிறது, போல்ட்டுகளை இழுப்பதில்லை. புகை வெளியேறும் வீச்சின் முடிவில், மேலேறிய பிஸ்டனை நிறுத்திக் கீழே திருப்பும் கணமே ஆபத்தானது. இந்த எஞ்சின் 40 குதிரைத்திறன் தரும் 2,200 சுற்று வேகத்தில், அக்கணத்தில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 300 மடங்கைத் தாண்டும். நிமிடத்துக்கு 1,100 முறை இந்த இழுப்பு நிகழ்கிறது. நன்கு இறுகிய போல்ட் இதை ஏறத்தாழ உணர்வதே இல்லை. தளர்ந்த போல்ட்டோ ஒவ்வொரு முறையும் நீண்டு சுருங்கி, உலோகச் சோர்வால் முறிகிறது. முறிந்தால் தண்டு எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும்.

இந்தத் தண்டுகளில் தனி பேரிங் கிடையாது; பாபிட் என்னும் வெள்ளீயக் கலவையை உருக்கி முனைக்குள்ளேயே வார்த்திருப்பார்கள். அது தேய்ந்து இடைவெளி கூடினால் எஞ்சின் தட்டும். மூடிக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை இருபுறமும் சமமாகக் குறைத்து அதைச் சரிசெய்யலாம். இடைவெளி கிடைக்கட்டும் என்று நட்டைச் சற்றுத் தளர்வாக விடுவது பெரும் தவறு. இடைவெளியைத் தீர்மானிப்பது ஷிம். நட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டுமே.

கழற்றும் முன் ஒவ்வொரு மூடியிலும் தண்டிலும் எண் குறிக்க வேண்டும். ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சேராது. திருப்பிப் போட்டாலும் சேராது. ஆயிலை அள்ளும் மூடியின் கரண்டி வாய் கேம் ஷாஃப்ட் பக்கம் இருக்க வேண்டும். மரை தேய்ந்த, கழுத்து மெலிந்த, நீண்டுவிட்ட போல்ட்டுகள் மீண்டும் பயன்படா. கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் இங்கே உதவாது.

மரையில் சிறிது ஆயில் தடவி, டார்க் ரெஞ்சால் வழக்கமாக 35 அடி-பவுண்டு, அதாவது சுமார் 47 நியூட்டன் மீட்டர், இறுக்குவார்கள். இதன் நட்டின் மேல்விளிம்பு கோட்டை மதில்போல ஆறு வெட்டுகள் கொண்டது. வெட்டும் போல்ட்டின் துளையும் நேராகும்போது காட்டர் பின் செருகப்படும். நேராகாவிட்டால் நட்டைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. வேறு நட்டை மாற்றிப் பார்க்கலாம். அல்லது அதன் அடிப்பரப்பை எமரித் தாளில் தேய்க்கலாம். காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். மடித்து நிமிர்த்திய பழைய பின் எளிதில் முறியும்.

ஒவ்வொரு தண்டையும் பூட்டியதும் கிராங்க் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகினால் அந்தத் தண்டுக்கு ஒரு ஷிம் கூட்ட வேண்டும். நட்டைத் தொடக் கூடாது.