மடிந்து விரியும் வீடு

மார்பளவு உயரமுள்ள ஒரு பெட்டி, இரண்டு சக்கரங்களின் மேல், ஒரு காரின் பின்னால் ஓடி வருகிறது. ஏரிக்கரையில் மரநிழல் பார்த்துக் கார் நிற்கிறது. அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். பெட்டியின் மூடி கூரையாக உயர்ந்து நிற்கிறது. முன்னும் பின்னும் இரண்டு கட்டில்கள் நீண்டிருக்கின்றன. பக்கவாட்டில் சாப்பாட்டு மேசையுடன் ஒரு சிற்றறை துருத்திக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் கித்தான் சுவர். உள்ளே அடுப்பு, குளிர்ப்பெட்டி எல்லாம் உண்டு!

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு காடு மலை பார்க்கப் போகிறவர்கள் பலர் இந்த வண்டியை இழுத்துச் செல்கிறார்கள். ‘பாப்-அப் கேம்பர்’ என்பது அதன் பெயர். நாம் மடக்குக் கூடார வண்டி என்போம். பக்கவாட்டில் வெளியே வரும் அறைக்கு ‘ஸ்லைடு-அவுட்’ என்று பெயர். நாம் அதைப் பக்க அறை எனலாம். இண்டியானா மாநிலத்து மிடில்பரியில் லாய்டு பான்ட்ரேகர் என்பவர் கூரையைத் தூக்கும் அமைப்பொன்றை உருவாக்கி, 1968இல் ஜேகோ என்ற தொழிலகத்தைத் தொடங்கினார். இன்று அந்த வட்டாரமே இத்தகைய வண்டிகளுக்குப் பெயர் பெற்றது.

வீட்டை ஏன் மடக்க வேண்டும்? மடக்கினால் உயரம் குறைகிறது. காற்றின் எதிர்ப்பும் குறைகிறது. ஈர்ப்பு மையம் தாழ்வாக இருப்பதால், வளைவுகளில் வண்டி கவிழும் அச்சமும் குறைவு. ஆனால் விரிப்பதற்கும் மடக்குவதற்கும் ஒரு வரிசை உண்டு. அது தவறினால் பொருள் சேதம் மட்டுமல்ல, உயிர்ச்சேதமும் நேரலாம். அந்த வரிசைக்குள் எவ்வளவு இயற்பியல் அடங்கியிருக்கிறது என்று பார்ப்போமா?

முதலில் மட்டம்

காரிலிருந்து வண்டியைக் கழற்றுமுன்பே இடவல மட்டம் பார்த்துவிட வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம் ஒன்று போதும். எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் முன் பலகையை வைத்து, காரை மெல்ல நகர்த்திச் சக்கரத்தைப் பலகைமேல் ஏற்ற வேண்டும். கழற்றிய பிறகு இப்படி ஏற்றுவது எளிதல்ல. அடுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். அதன் பிறகே காரைக் கழற்றலாம். பெரும்பாலான வண்டிகளில், காரை விட்டுப் பிரிந்தபின் உருளாமல் பிடித்துக்கொள்ள இந்தக் கட்டைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. முன்பின் மட்டத்தை, வண்டியின் மூக்கில் உள்ள ஜாக்கியைச் சுற்றிச் சரிசெய்யலாம்.

மட்டம் நல்ல தூக்கத்திற்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இவ்வண்டிகள் பலவற்றில் எரிவாயுவால் இயங்கும் குளிர்ப்பெட்டி உண்டு. 1922இல் சுவீடனில் பிளேட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டறிந்த முறை அது. அதில் அழுத்தி இல்லை, ஓடும் உறுப்பு எதுவும் இல்லை. வெப்பத்தால் அம்மோனியா ஆவியாகிப் பிரிகிறது. திரவங்கள் புவியீர்ப்பால் குழாய் வழியே இறங்கி வருகின்றன. வண்டி மிகவும் சாய்ந்திருந்தால் திரவம் இறங்காமல் ஓரிடத்தில் தேங்கிவிடும். குளிர்ச்சி நின்றுபோகும்; குளிர்ப்பெட்டியே பழுதாகவும் கூடும்.

ஏற்றப்பலகை விளையாட்டு

அடுத்து, நான்கு மூலைகளிலும் உள்ள முட்டுக்கால்களை இறக்க வேண்டும். இவை ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வண்டியின் எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 80 கிலோ, மூக்கின்மேல் அழுந்துமாறு பாரம் அமைக்கப்பட்டிருக்கிறது. நம் வண்டிக்காரர்கள் முன்பாரம் என்பார்களே, அதுதான். முன்பாரம் இல்லாமல் பின்பாரம் மிகுந்தால், ஓடும்போது வண்டி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். மூக்கு, அச்சிலிருந்து 3 மீட்டர் முன்னால் இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கத் திருப்புத்திறன் 80 × 3 = 240.

இப்போது பின்கட்டிலில் தலா 60 கிலோ எடையுள்ள இருவர் ஏறிப் படுக்கிறார்கள். அவர்கள் அச்சிலிருந்து 3 மீட்டர் பின்னால் இருக்கிறார்கள். திருப்புத்திறன் 120 × 3 = 360. எது பெரிது? பின்பக்கம்தான்! கார் கழற்றப்பட்டிருப்பதால் மூக்கு வானத்தை நோக்கி எழும். கட்டில் தரையில் இடிக்கும். சிறுவர் பூங்காவின் ஏற்றப்பலகை அல்லவா இது! முட்டுக்கால்கள் இறங்கியிருந்தால் அந்த எடையை அவை வாங்கித் தரைக்குக் கொடுத்துவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. முட்டுக்கால்கள் தாங்குவதற்கே உரியவை, தூக்குவதற்கு அல்ல. தரையில் நன்றாகப் பதிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் முறுக்கினால் வண்டியின் சட்டம் கோணிக்கொள்ளும். கதவு பொருந்தாது, பக்க அறையும் சிக்கிக்கொள்ளும்.

சிறு விசை, நெடுந்தூரம்

இனிக் கூரை. நான்கு மூலைக் கொக்கிகளையும் விடுவித்தோமா என்று ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டே கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு கொக்கி மாட்டியிருந்தாலும், மூன்று மூலைகள் எழுந்து நான்காவது மூலை தங்கிவிடும்; கூரை முறுக்கிக்கொள்ளும்.

கைப்பிடியைச் சுற்றினால் கம்பி வடம் உருளையில் சுருள்கிறது. அது கப்பிகளின் வழியே நான்கு மூலைத் தூண்களையும் ஒரே அளவில் உயர்த்துகிறது. கூரை 100 கிலோ எடை, 1.2 மீட்டர் உயர வேண்டும் என்று கொள்வோம். செய்ய வேண்டிய வேலை சுமார் 1,200 ஜூல். கைப்பிடியில் நீங்கள் கொடுப்பது 30 நியூட்டன் விசைதான் என்றால், கை 40 மீட்டர் தூரம் நகர வேண்டும். கைப்பிடியின் நீளம் 25 செ.மீ. ஆனால் ஒரு சுற்று 1.57 மீட்டர். ஆகவே 25 சுற்றுகளுக்கு மேல் சுற்றியாக வேண்டும். உராய்வு இருப்பதால் உண்மையில் இன்னும் கூடும். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுக்கிறோம். இயற்கையிடம் இனாம் கிடையாது!

போதிய உயரம் வந்தபின்னும் சுற்றிக்கொண்டே போனால் வடம் அறுந்துவிடும். ஆகையால் கூரை ஏறும்போதும் இறங்கும்போதும் அதன்கீழ் ஒருவரும் இருக்கக் கூடாது. விளிம்பில் கைவைக்கவும் கூடாது.

இழுப்பறை போல

கட்டில்கள் மேசை இழுப்பறை போலத் தண்டவாளத்தில் வெளியே வருகின்றன. வந்ததும், வெளி விளிம்பிலிருந்து வண்டியின் அடிச்சட்டத்திற்குச் சாய்வாக உலோகக் கம்பங்களைப் பொருத்த வேண்டும். கம்பம், கட்டில், வண்டிச் சுவர் மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணமாகின்றன. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணம் உருமாறாது. கம்பம் பொருத்தாத கட்டிலில் குழந்தையைக்கூட ஏற்றக் கூடாது.

பக்க அறையும் இழுப்பறைதான், ஆனால் பக்கவாட்டில் வருவது. அது வெளியே வந்ததும் பாரம் ஒரு பக்கமாகக் கூடுகிறது. முட்டுக்கால்களை முன்பே இறக்கியதன் அருமை இங்கும் விளங்கும். இழுக்குமுன், வெளியே மரமோ கல்லோ தடுக்கிறதா என்று பாருங்கள். வண்டிக்கு வண்டி வரிசையில் சிறு மாற்றம் இருக்கும். அதைக் கையேடு சொல்லும்.

உள்ளே குடியேறியதும் இரண்டு எச்சரிக்கைகள். புரொப்பேன் வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு படியும். குளிருக்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது அதைவிடக் கொடியது. அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்கியவர் எழமாட்டார். கரடிக்கும் கித்தான் ஒரு தடை அல்ல. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் ‘ஃபிஷிங் பிரிட்ஜ்’ முகாமில் கித்தான் சுவருள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லாததற்கு இதுவே காரணம்.

பின்னிருந்து முன்னுக்கு

மடக்குவது, விரித்த வரிசையைத் தலைகீழாக்குவதே. எரிவாயுவை மூடுங்கள். பக்க அறை உள்ளே போகட்டும், பிறகு கட்டில்கள். கித்தானைக் கவனமாக உள்ளே செருகிக்கொண்டே கூரையை இறக்குங்கள். நான்கு கொக்கிகளையும் மாட்டுங்கள். வேகமாக ஓடும்போது கூரையின் மேல் விரையும் காற்றால் அங்கே அழுத்தம் குறைகிறது. உள்ளிருக்கும் காற்று கூரையை மேலே தள்ளப் பார்க்கும். கொக்கிதான் அதைத் தடுக்கிறது. அதன்பின் முட்டுக்கால்களை உயர்த்திக் காரை மாட்டுங்கள். சக்கரக் கட்டைகளை எடுப்பது கடைசி வேலை. முதலில் போட்டது கடைசியில் வருகிறது, பார்த்தீர்களா?

மழையில் மடக்க நேர்ந்தால், வீடு சேர்ந்து ஓரிரு நாளுக்குள் மீண்டும் விரித்துக் கித்தானை உலர்த்த வேண்டும். ஈரமும் இருட்டும் பூஞ்சணத்திற்கு விருந்து.

நெம்புகோல், கப்பி, முக்கோணம், ஈர்ப்பு மையம் எல்லாம் பாடப் புத்தகத்தில் தனித்தனியே இருப்பவை. இந்தப் பெட்டிக்குள் அவை ஒன்றாகக் குடியிருக்கின்றன. விதி தெரிந்தவருக்கு வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கழற்றுமுன் கட்டை, ஏறுமுன் முட்டுக்கால், படுக்குமுன் கம்பம் என்று காரணமே வரிசையைச் சொல்லிக்கொடுக்கும்.