விஷம் கரையும்... கணக்கு கரையாது!

சம்பளத்துக்கு ஒரு 'அரை ஆயுள்' உண்டு. ஒண்ணாம் தேதி பதினாறாயிரம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளில் பாதி அம்பேல். நாலாம் தேதி எட்டு, ஏழாம் தேதி நாலு, பத்தாம் தேதி ரெண்டு, பதிமூன்றாம் தேதி ஆயிரம். அப்புறம் பக்கத்து சீட்டுக்காரரிடம் லேசாக ஒரு சிரிப்பு.

வயலில் தெளிக்கிற பூச்சிமருந்தும் இப்படித்தான் கரைகிறது. வெயிலும் தண்ணீரும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் ஆளுக்கொரு பங்கு பிய்த்துக்கொள்கின்றன. சில மருந்துகளுக்கு அரை ஆயுள் சில நாட்கள்தான். டி.டி.டி. போன்ற சிரஞ்சீவிகளுக்கோ வருஷக் கணக்கு!

சரி, வாய்க்காலில் கலந்த மருந்து நாளுக்கு நாள் குறைகிறது. அதில் நீந்துகிற ஜீவன் பிழைக்குமா, பிழைக்காதா?

சோதனைச்சாலையில் இதற்கு ஒரு பழைய முறை உண்டு. கடுகு சைஸில் இருக்கும் டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சியை மருந்துத் தண்ணீரில் 48 மணி நேரம் விடுவார்கள். மீன் என்றால் 96 மணி நேரம். எந்த அளவில் பாதி செத்துப்போகிறதோ, அதுதான் 'எல்.சி. 50'. இதில் ஒரு சின்னச் சிக்கல். சோதனை முழுக்க மருந்தின் அளவு மாறாமல் இருக்கவேண்டும். நிஜ வாய்க்கால் அப்படியா இருக்கிறது? மழை பெய்தால் 'குபுக்'கென்று ஏறும், அப்புறம் மெள்ள இறங்கும்.

ஜெர்மனியின் ஃப்ரிட்ஸ் ஹேபர் ஒரு குறுக்குவழி சொன்னார். 1915-ல் ஈப்ர போர்முனையில் குளோரின் வாயுவை ஏவுவதற்கு முன்னின்றவர். அமோனியா தயாரித்ததற்காக 1918-ம் வருஷத்து நோபல் பரிசும் வாங்கியவர்! விஷத்தின் அளவை நேரத்தால் பெருக்கு, அதுதான் பாதிப்பு என்றார். பத்து பங்கு விஷம் ஒரு மணி நேரம் இருந்தாலும், ஒரு பங்கு பத்து மணி நேரம் இருந்தாலும் ஒன்றே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன்படி, துளியூண்டு விஷம்கூட போதுமான நாள் இருந்தால் ஆளைத் தீர்த்துவிட வேண்டும். உடம்பு அவ்வளவு சோப்ளாங்கி இல்லை. உள்ளே வந்ததை வெளியே தள்ளுகிறது. கெட்டுப்போனதை ரிப்பேர் செய்கிறது.

அதனால் இப்போது விஞ்ஞானிகள் உடம்பை ஓட்டை வாளியாகப் பார்க்கிறார்கள். மேலே குழாய், கீழே ஓட்டை. தண்ணீரில் விஷம் உச்சத்தில் இருக்கும்போது வாளி நிறைந்திருக்காது. வெளியே குறைய ஆரம்பித்த பிறகும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். இறங்குகிற கோடும் ஏறுகிற கோடும் எங்கே வெட்டிக்கொள்கிறதோ, அங்கேதான் உடம்புக்குள் உச்சம். 'தண்ணீர் தெளிஞ்சிடுச்சு' என்று நாம் நிம்மதியாகும் நேரம்தான் மீனுக்குக் கண்டம்!

வாளி ஒரு கோட்டைத் தாண்டினால் ஆபத்து. தாண்டினால் யார் சாவது? இங்கே இரண்டு கட்சி.

முதல் கட்சி: ஒவ்வொரு ஜீவனுக்கும் ஒரு தாங்குசக்தி, நோஞ்சான் போவான், கெட்டி பிழைப்பான்.

இரண்டாவது கட்சி: எல்லாரும் ஒரே மாதிரிதான், யார் போவார் என்பது சீட்டுக் குலுக்கல்.

சண்டையைத் தீர்க்க ஒரு வழி உண்டு. நூறு பூச்சிக்கு மருந்து கொடுத்ததில் நாற்பது போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் அறுபதும் நன்றாகத் தேறியபின், அதே மருந்தை அதே அளவில் மறுபடி கொடுங்கள். முதல் கட்சி சரியென்றால் சாவு அநேகமாக இருக்காது. மிஞ்சியதெல்லாம் கெட்டி ஆசாமிகள். இரண்டாவது சரியென்றால் மறுபடி நூற்றுக்கு நாற்பது வீதம், 24 போகும்.

2011-ல் யாகர், ஆஷவர் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கட்சியையும் ஒரே சமன்பாட்டுக் குடும்பத்தில் சேர்த்தார்கள். பெயர் 'கட்ஸ்'! உயிர் பிழைக்க அதுதானே வேண்டும்? 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், நீர்வாழ் உயிர்களுக்கான பூச்சிமருந்து ஆபத்தைக் கணக்கிட இது லாயக்கானது என்று சொல்லிவிட்டது.

இதனால் என்ன லாபம்? நன்னீரில் வாழும் கம்மாரஸ் என்ற இறாலின் தூரத்து உறவுக்காரரை வைத்துச் செய்த சோதனைகளைப் பாருங்கள். பென்ட்டாகுளோரோஃபீனால் தாக்கியபின் அது சில நாட்களில் தேறிவிடுகிறது. குளோர்பைரிஃபாஸ் என்றால் தேற வாரங்கள் ஆகின்றன. காரணம், அது நரம்புக்கு வேண்டிய ஒரு என்ஸைமைப் பூட்டிவிடுகிறது. தண்ணீரில் மருந்து போய்விட்டாலும் பூட்டு போவதில்லை. தேறுவதற்குள் இரண்டாவது தெளிப்பு வந்தால், தனித்தனியே தாங்கக்கூடிய இரண்டு டோஸும் சேர்ந்து ஆளை முடித்துவிடும்.

இன்னொரு வில்லங்கம். சிதைந்ததெல்லாம் சாதுவாகிவிடாது. மாலத்தியானில் கொஞ்சம் மாலாக்ஸானாக மாறும். அது அப்பனைவிடப் பொல்லாத பிள்ளை. கணக்கில் அதற்கும் ஒரு வாளி வைத்தாக வேண்டும்.

ஆக, 'மருந்து எத்தனை நாளில் போகும்?' என்று கேட்டால் பாதிக் கேள்விதான். 'அடிபட்டவன் எத்தனை நாளில் எழுந்திருப்பான்?' என்பது மீதி. இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு அடுத்த தெளிப்புக்குத் தேதி குறிக்கலாம். மீனுக்கு காலண்டர் பார்க்கத் தெரியாது, நமக்குத் தெரியும்!