விமானத்தின் பாதி உயரம்

பழங்கட்டடங்களை ட்ரோன் கொண்டு எடுக்கும் காணொளிகள் இன்று பெருகியிருந்தாலும், அவற்றுள் பல கட்டடத்தைக் காட்டுவதைவிடக் கருவி எவ்வளவு உயரம் பறக்கும் என்பதையே காட்டுகின்றன. விலை உயர்ந்த கருவியை வாங்குவதால் இக்குறை நீங்குவதில்லை. கட்டடத்தை எழுப்பியவர்கள் அதை எத்திசையிலிருந்து, எந்த வரிசையில் காண வேண்டுமென எண்ணினார்கள் என்பதை அறிந்து, பறக்கும் பாதையை அதற்கேற்ப வகுப்பதே முதற்பணி. முதலாம் இராஜராஜன் எழுப்பி 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் இதற்குத் தக்க சான்று.

பிற்காலக் கோயில்கள் பலவற்றில் கோபுரங்கள் ஓங்கி நிற்கக் கருவறை விமானம் தாழ்ந்திருக்கும். தஞ்சையிலோ கேரளாந்தகன் வாயில், இராஜராஜன் வாயில் ஆகிய இரு கோபுரங்களும் அடங்கி நிற்க, அவற்றின் பின்னே ஏறத்தாழ 66 மீட்டர் உயரமுள்ள விமானம் எழுகிறது. வாயில்களும் நந்தி மண்டபமும் விமானமும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், கோபுர உச்சிக்குச் சற்று மேலாக, நடைவேகத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ட்ரோனைச் செலுத்தினால், அருகிலுள்ளவை விரைந்தும் தொலைவிலுள்ளவை மெல்லவும் நகர்வதாகத் தோன்றும். இடமாறு தோற்றம் எனப்படும் இவ்விளைவே தட்டையான திரையில் ஆழத்தை உணர்த்துகிறது. 100 மீட்டர் உயரத்திற்கு ஏறிவிட்டால் அது மங்கிக் கோயில் வரைபடம்போல் ஆகிவிடும். சுமார் 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் கொண்ட திருச்சுற்று, இரு சதுரங்களை அடுத்தடுத்து வைத்தாற்போல் அமைந்திருப்பதைக் காட்டுவதற்கு மட்டும் அவ்வுயரம் பயன்படும்.

விமானத்தை மேலிருந்து, கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுப்பது பரவலான பிழை. அவ்வாறு எடுக்கும்போது அடிப்பகுதி குறுகியும் உச்சி பருத்தும் தெரிவதால், தளந்தோறும் சிறுத்துச் செல்லும்படி சிற்பிகள் கணித்த சரிவு பாழாகிறது. அதிர்வைத் தாங்கிக் கேமராவை நிலைநிறுத்தும் கிம்பல் என்னும் பொறியைக் கிடைமட்டமாக வைத்து, விமானத்தின் பாதி உயரமாகிய 33 மீட்டரில் நிறுத்தினால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும். வழக்கமான 24 மி.மீ. அகலக் கோண லென்ஸாயின், 80 மீட்டருக்கு மேல் விலகினால் விமானம் முழுவதும் திரையில் அடங்கும்.

கல்லில் செதுக்கிய உருவங்கள் பக்கவாட்டில் விழும் ஒளியில்தான் புடைத்துத் தெரியும். கிழக்கு முகத்திற்குக் காலை வெயில் உகந்தது. வடபுறச் சுவருக்கோ, சூரியன் வடக்கே சாயும் கோடை மாதங்கள் வரை காத்திருக்க வேண்டும். விமானத்தின் நிழல் தரையில் விழுவதில்லை என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. காலையில் நேர்மேலிருந்து எடுத்தால் முற்றத்தில் மேற்காக நீளும் அந்நிழலே படத்தின் அழகிய காட்சியாக அமையும்.

திரைப்படத்திற்குரிய இயல்பான அசைவு வேண்டுமாயின், ஒவ்வொரு படச்சட்டமும் ஒளியை ஏற்கும் நேரம், நொடிக்கு 25 சட்டங்கள் என்னும் கணக்கில், ஐம்பதில் ஒரு நொடியாக இருத்தல் நன்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் இரவுக் காட்சியில் மினுங்காமலிருப்பதற்கும் இவ்வளவு பொருந்தும். நடுப்பகல் வெயிலில் இந்நேரம் மிகையாதலால், ஒளியை அறுபத்துநான்கில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் என்னும் கருங்கண்ணாடியை லென்ஸின் முன் பொருத்துவர்.

வழிபாடு நிகழும் கோயிலில் இறக்கைகளின் இரைச்சல் சிறிய குறையன்று. பூசை வேளையைத் தவிர்ப்பதே முறை. இக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதோடு, தஞ்சையில் விமானப்படைத் தளமும் உள்ளது. ஆகவே தொல்லியல் துறையின் இசைவும், 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி அவ்வான்வெளிக்குரிய அனுமதியும் எழுத்தில் கிடைத்த பின்னரே படப்பிடிப்புக்கு நாள் குறிக்க வேண்டும்.