ராஜகோபுரப் படம் யாருக்குச் சொந்தம்?

திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு நடை போனால் போதும். ஊதுபத்தி பாக்கெட், லாட்ஜ் போர்டு, டிராவல்ஸ் வேன், காலண்டர், ஜவுளிக்கடைப் பை... எதைப் பார்த்தாலும் ராஜகோபுரம்! 217 அடி உயர நிஜக் கோபுரம் நின்ற இடத்தில் நிற்க, அதன் படம் மட்டும் ஊரெல்லாம் சுற்றுகிறது. இத்தனை பேரில் யாராவது ஒருவர், ‘இந்தப் படம் இனி என் கடைக்கு மட்டும்தான்’ என்று டிரேட்மார்க் வாங்கிவிட்டால்?

வேடிக்கைக் கேள்வி இல்லை இது. மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியா அருகே இருக்கும் தாஜ்மஹால் பேலஸ் ஹோட்டல், 2017-ல் தன் கட்டடத் தோற்றத்தையே டிரேட்மார்க்காகப் பதிவு செய்தது. இந்தியாவில் ஒரு கட்டடத்துக்கு அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் முறை. 1903-ல் திறந்த ஹோட்டல் அது. அந்தச் சிவப்புக் குவிமாடத்தைப் பார்த்ததுமே, போர்டு இல்லாமலே பெயர் சொல்லிவிடுவார்கள். டிரேட்மார்க்குக்கு வேண்டியதும் அதுதான்: பார்த்தவுடன் ‘இது இன்னாருடைய வியாபாரம்’ என்று தெரிய வேண்டும். எதிரே நின்று செல்ஃபி எடுப்பவருக்குப் பயமில்லை. அந்தப் படத்தைப் போட்டுச் சரக்கு விற்பவருக்குத்தான் சிக்கல்.

ராஜகோபுரத்தின் கதை வேறு. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கோபுரம். பார்த்ததும் நினைவுக்கு வருபவர் அண்ணாமலையார்தான், எந்தக் கடையும் அல்ல. உரிமை விஷயத்தில் இந்த ஊர் எவ்வளவு சூடானது என்பதும் தெரிந்ததே. 2002-ல் மத்தியத் தொல்லியல் துறை கோயிலைத் தன் பொறுப்பில் எடுக்க முனைந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் கோயில் அறநிலையத்துறையிடமே நின்றது.

சட்டமும் ஊர் பக்கம்தான். ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனி டிரேட்மார்க்காகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோபுரப் படத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

அப்படியென்றால் போர்டிலிருந்து கோபுரத்தை எடுத்துவிட வேண்டுமா? வேண்டாம். கடைப் பெயர், எழுத்து வடிவம், படம் எல்லாம் சேர்ந்த லோகோவுக்குப் பதிவு கேட்கலாம். சிறு வியாபாரி ஆன்லைனில் விண்ணப்பிக்க, ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ஆனால், எல்லோரும் போடும் கோபுரத்தைப் பக்கத்துக் கடைக்காரரும் போட்டால் தடுக்க முடியாது. உங்கள் பெயரைக் காப்பியடித்தால்தான் கேட்கலாம். ஆகவே, காசைப் படத்தைவிடப் பெயரில் போடுவதே புத்திசாலித்தனம்.

கிரிவலப் பாதையில் புதிதாக லாட்ஜ் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். கட்டடத்தின் கலைத்தன்மையுள்ள வடிவமைப்புக்குக் காப்புரிமைச் சட்டமும் உண்டு. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவில்லை என்றால், அந்த உரிமை பெரும்பாலும் பணம் போட்ட முதலாளிக்கு வராது. வரைந்து கொடுத்த ஆர்க்கிடெக்டிடமே இருக்கும். அதே டிசைனில் இரண்டாவது லாட்ஜ் கட்டும்போதுதான் பலருக்கு இது தெரியவரும்.