ஸ்கூபா டைவிங் போயிட்டு வந்ததும் மூட்டு வலியா? ஆக்சிஜன் எப்போ கைகொடுக்கும்?

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் கடற்கரை கிடையாது. ஒரு காலத்தில் இந்த நிலமே கடலுக்கு அடியில்தான் இருந்தது, காரை பக்கம் கிடைக்கும் புதைபடிவங்களே சாட்சி. ஆனா இன்னைக்குக் கடலுக்குள் இறங்கிப் பார்க்கணும்னா புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ போகணும். டைவிங் முடிச்சு ஊர் திரும்பினதும் தோள்பட்டையில் வலி. "சிலிண்டர் தூக்கினதுதான்"னு தைலம் தேய்ச்சுட்டுப் படுத்துடுவோம். அங்கதான் சிக்கல்.

10 மீட்டர் ஆழத்தில் உடல் மேல் இருக்கும் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அழுத்தம் கூடக்கூட அது ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும். வேகமா மேலே வந்தா, கோலி சோடாவைத் திறந்த மாதிரி குமிழிகள் கிளம்பும். இதுதான் டீகம்ப்ரஷன் சிக்னஸ். டைவர்கள் 'பெண்ட்ஸ்' என்பார்கள்.

ஆழம் குறைந்த இடத்தில் ஒரே ஒரு தடவை இறங்கியவருக்கு இது வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆழமாகவோ, ஒரே நாளில் பல முறையோ இறங்கியவர்தான் கவனிக்கணும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்துக்குள்ளும், ஏறக்குறைய எல்லோருக்கும் 24 மணி நேரத்துக்குள்ளும் அறிகுறி தெரிஞ்சிடும். அதாவது, வீட்டுக்கு வந்த பிறகும் வரலாம்.

ஆக்சிஜன் என்ன செய்யும்?

சுத்தமான ஆக்சிஜனை மட்டும் சுவாசித்தால் நுரையீரலுக்குள் புதுசா நைட்ரஜன் போகாது. உடம்பில் தங்கிய நைட்ரஜன் மூச்சு வழியா வேகமா வெளியேறும், குமிழிகள் சுருங்கும். டைவர்களுக்கான 'டான்' அமைப்பு 2,231 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வில், முதலுதவியா ஆக்சிஜன் பெற்றவர்களில் 14 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் முழுசா மறைந்தன, 51 சதவீதம் பேருக்குக் குறைந்தன. சும்மா ஒரு ஆறுதலுக்காகக் கொடுப்பது இல்லை இது.

ஆனா எப்படிக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். மூக்கில் மாட்டும் சின்னக் குழாய் போதாது. பை இணைந்த மாஸ்க், நிமிஷத்துக்கு 15 லிட்டர் தேவை. கொரோனா நேரத்தில் வாங்கி வைத்த 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் இதுக்குச் சரிப்படாது. 1,500 லிட்டர் கொண்ட பி-டைப் சிலிண்டரே இந்த வேகத்தில் 100 நிமிஷத்தில் காலியாகிடும். நோயாளி சமமா படுத்திருக்கணும், நினைவோடு இருந்தால் தண்ணீர் குடிக்கலாம். மது கூடாது.

'லேசானது' யார் சொல்வது?

மூட்டு வலி, அசதி, தோலில் தடிப்பு, இவை மட்டும் இருந்து, நரம்புப் பரிசோதனையும் சரியா இருந்தால் லேசான பாதிப்பு. இப்படிப்பட்டவர்களை, டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டரின் ஆலோசனையோடு, அழுத்த அறைக்கு அனுப்பாமலே குணப்படுத்தலாம் என்கிறது நிபுணர்களின் 2018 வழிகாட்டுதல். அதை நாமே முடிவு பண்ணக் கூடாது. ஆக்சிஜனில் வலி போயிடுச்சுன்னு மாஸ்க்கைக் கழற்றிட்டுக் கிளம்புவதும் தப்பு, வலி திரும்ப வரலாம்.

கால் மரத்துப்போவது, தள்ளாட்டம், சிறுநீர் பிரியாமை, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், இதில் ஒன்று இருந்தாலும் லேசானது இல்லை. உடனே 108. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பெரம்பலூர் அரசு மருத்துவமனையோ, அவசரப் பிரிவில் முதல் வார்த்தையே "டைவிங் போயிட்டு வந்தேன்"னு இருக்கட்டும். எத்தனை மீட்டர், எத்தனை முறை, எத்தனை மணிக்கு மேலே வந்தீங்க என்பதையும் சொல்லுங்க. கடல் இல்லாத ஊரில் டாக்டருக்கு இந்தச் சந்தேகம் தானா வருவது கஷ்டம்.

இன்னொன்று, திருச்சியில் விமானம் ஏறுபவர்களுக்கு. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு டைவிங்குக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் பறக்கக் கூடாது. மறுநாளே பச்சைமலை ஏறும் பிளான் இருந்தா, அதையும் ஒரு நாள் தள்ளி வைக்கலாம். உயரம் போகப்போக அழுத்தம் குறையுமே.