பிடித்து வைக்கும் பணம்

தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இன்று சாயம் பூசுவது, கால்வாய் கட்டுவது என்று அரசாங்கக் குத்தகை எடுக்கிறார்கள். விலை எழுதும்போது சிமெண்டுக்கும் கூலிக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். 'வாங் ஜாமினான் பெலக்சானான்' என்ற வரியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அது ஜாமீன் பணம். பொதுப்பணி இலாகா குத்தகையில், வங்கி ஜாமீன் கொடுக்க வசதியில்லாதவருக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு 10 பிடிப்பார்கள். குத்தகைத் தொகையில் நூற்றுக்கு 5 சேர்ந்ததும் நிறுத்துவார்கள். 100,000 வெள்ளி வேலை என்று வைத்துக்கொள்வோம். 20,000 வெள்ளி பில்லுக்கு 18,000 வெள்ளிதான் கைக்கு வரும். பாதி வேலை முடியும்போது 5,000 வெள்ளி முடங்கிவிடும். வேலையை ஒப்படைத்து, குறைதீர்க்கும் காலமும் கழிந்த பிறகே அது திரும்பும். அந்தக் காலம் பெரும்பாலும் 12 மாதம். லாபமே 5,000 வெள்ளிதான் என்று விலை எழுதியவர் அதுவரை எதை வைத்துச் சமாளிப்பார்? கூலிக்கு வந்து நிற்பவரிடம் ஜாமீன் கதை சொல்ல முடியுமா?

இன்னொன்று, மழை. வழக்கமான மழைக்கு அவகாசம் கிடைக்காது. அளவுக்கு மீறிய மழையால் வேலை நின்றால் உடனே கடிதம் கொடுங்கள். அதிகாரி நேரில் பார்த்தாரே என்று இருந்துவிட்டால், தாமதத்துக்கு நாள் கணக்கில் தண்டத்தொகை பிடிப்பார்கள்.